சத்து மாத்திரை

கடைசி ஐம்பது மீட்டர் நீந்தத் திரும்பும்போது சிட்டு மூன்றாவதாக இருந்தாள்.

கேலரியில் அவள் அம்மாவால் உட்கார முடியவில்லை. முன்வரிசைக் கம்பியை இறுகப் பிடித்தபடி நின்றாள். பதினேழு வருஷமாக ஆஸ்பத்திரி நர்ஸ். எத்தனையோ உயிர் இழுத்துக்கொண்டு கிடந்து பிழைத்ததைப் பதறாமல் பார்த்தவள். இன்றைக்கு மகள் பேரைச் சொல்லிக் கத்தினாள்.

நாலாவது லேன்காரியை சிட்டு தாண்டிவிட்டாள். இன்னும் ஒருத்திதான் பாக்கி. இருபது மீட்டர். பத்து மீட்டர். தலையைத் தூக்காமல், மூச்சுக்கூட எடுக்காமல் குழந்தை கையை வீசிக்கொண்டே போனாள். இரண்டு பேரும் ஒன்றாகவே சுவரைத் தொட்டதுபோல் இருந்தது.

கூட்டம் மொத்தமும் மின்பலகையைப் பார்த்தது.

முதலிடம், சிட்டு. வித்தியாசம் ஒரு நொடியில் நூறில் நாலு பங்கு.

பதிமூன்று வயசில் தேசிய சாம்பியன். அம்மா பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத பெண்ணைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

நெட்டை வராதது எவ்வளவு நல்லதாய்ப் போயிற்று என்றும் அந்த அழுகைக்கு நடுவே தோன்றியது. நெட்டை, வேன் டிரைவரின் மகள். இரண்டு பேருக்கும் ஒரே மாஸ்டர், ஒரே குளம். இரண்டு வருஷமாக எந்தப் போட்டியிலும் நெட்டைதான் முதல், சிட்டு இரண்டாவது. அவளுக்குக் காய்ச்சல் என்று நேற்று அவள் அப்பா சொன்னபோது, "அடப் பாவமே" என்றது வாய். வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது.

அம்மா படிகளில் தடதடவென்று இறங்கிக் குளத்தோரம் ஓடினாள்.

சிட்டு துண்டைப் போர்த்திக்கொண்டு நின்றாள். பக்கத்தில் அடையாள அட்டை மாட்டிய ஓர் அம்மாள். ஊக்கமருந்துப் பரிசோதனைக்குச் சிறுநீர் எடுக்க வேண்டும், அதுவரை குழந்தையைவிட்டு நகர மாட்டேன் என்று தன்மையாகத்தான் சொன்னாள்.

ஜெயித்தவர்களைக் கூப்பிடுவது வழக்கம்தான். ஆனால் ஏழாவதாக வந்த பெண்ணையும் கூப்பிட்டிருந்தார்கள். நாளைக்கு நீந்தப்போகிற இன்னொருத்தியையும். மூன்று பேரும் மாஸ்டரிடம் நீச்சல் பழகுகிறவர்கள்.

மாஸ்டர் பேயறைந்த மாதிரி இருந்தார். அம்மாவை உடை மாற்றும் அறைப் பக்கம் ஒதுக்கிக்கொண்டு போய்க் கிசுகிசுத்தார். யாரோ போட்டுக் கொடுத்துவிட்டார்களாம். பிள்ளைகளுக்குத் தான் கொடுக்கிற சத்து மாத்திரையைப் பற்றிக் கேட்டால், சளிக்கு வீட்டில் ஏதோ கொடுத்தோம், பேர் ஞாபகமில்லை என்று சொல்லிவிட வேண்டுமாம்.

"யாரு மாஸ்டர் சொன்னது?"

"வேற யாரு, நம்ம வேன்காரர்தான். தன் பொண்ணு இல்லாத நேரத்துல உங்க பொண்ணு ஜெயிச்சிடப் போறாளேன்னு வயித்தெரிச்சல்."

பொய் சொல்லச் சொன்னது அவள் மண்டையில் ஏறவே இல்லை. வயித்தெரிச்சல் என்ற ஒரு சொல்தான் ஏறியது.

வெளியே வண்டிகள் நிற்கும் இடத்தில், டிரைவர் வேன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். தினமும் விடியற்காலையில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வருகிற மனுஷன். அவரைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினாள். அண்ணா அண்ணா என்று கூப்பிட்ட வாய்க்கு நல்ல மரியாதை செய்துவிட்டீர்கள் என்றாள். ஒரு குழந்தை ஜெயித்தது பொறுக்கவில்லையா என்றாள். இன்னும் என்னென்னவோ.

அவர் துணியைக் கையில் வைத்துக்கொண்டு, அவள் மூச்சு வாங்கும்வரை காத்திருந்தார்.

"ஆமா சிஸ்டர். நான்தான் சொன்னேன்."

மறுப்பார் என்றுதான் அவள் நினைத்து வந்திருந்தாள்.

அவர் தணிந்த குரலில் சொன்னார். நெட்டைக்கு மூன்று மாதமாகக் குரல் உடைந்து ஆம்பிளைக் குரலாகிக்கொண்டு வருகிறது. மேல் உதட்டில் ரோமம். வேனில் எல்லாரும் சிரித்தாலும் அவள் மட்டும் வாயைப் பொத்திக்கொள்கிறாள். மாஸ்டரைக் கேட்டால் வளர்கிற வயசு என்கிறார். மாத்திரையோ வெறும் காகிதப் பொட்டலத்தில் வருகிறது. பேரும் இல்லை, அட்டையும் இல்லை. ஒன்றை எடுத்துக்கொண்டு போய்த் தெரிந்த டாக்டரிடம் கொடுத்தார். டாக்டர் அதைச் சோதிக்க அனுப்பினார். ஆண்களுக்கான ஹார்மோன், வளர்கிற பெண் குழந்தைக்குக் கொடுத்தால் எலும்பு வளர்ச்சி நின்றுவிடும், பின்னால் தாயாவதற்கே சிக்கல் வரலாம் என்றார் டாக்டர்.

"நீங்க படிச்சவங்க, சிஸ்டர். அந்த மாத்திரை பேரு என்னன்னு ஒரு தடவையாவது கேட்டீங்களா?"

கேட்கவில்லை. வார்டில் ஒவ்வொரு மாத்திரையின் பேரையும் இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் அவள் நோயாளியின் கையில் கொடுப்பாள். சிட்டுவுக்கு ஐந்து மாதமாக நாள் தள்ளிப்போவதும் தெரியும். கடுமையான பயிற்சி, அதனால்தான் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆனாலும் ஆற்றாமை அடங்கவில்லை.

"என்கிட்ட முதல்ல சொல்லியிருக்கலாம் இல்ல?"

"ரெண்டு தடவை போன் பண்ணேன். போட்டி முடியட்டும், எதுவா இருந்தாலும் அப்புறம் பேசலாம்னு வச்சிட்டீங்க."

அது உண்மைதான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ரெண்டு வருஷத்துல இன்னிக்கு ஒரு நாள்தான் அவ ஜெயிச்சா. உங்க பொண்ணு காய்ச்சல்ல படுத்திருக்கிற நாளாப் பார்த்தா என் பொண்ணு பேரை எழுதிக் கொடுப்பீங்க?"

டிரைவர் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"அவளுக்குக் காய்ச்சல் இல்ல சிஸ்டர். போன வாரம் நானே கூட்டிக்கிட்டுப் போய்ப் பரிசோதனைக்குக் கொடுத்துட்டு வந்தேன். இனி எந்தப் போட்டியிலயும் இறங்கக் கூடாதுன்னு தடை போட்டுட்டாங்க. நான் எழுதிக் கொடுத்த தாள்ல முதல் பேரே அவளுதுதான்."