துணைக்கு வந்தவர்

மருத்துவமனை கேன்டீனில் என் கணவர் தயாளன் காபி கேட்டார். "டீயே குடிடா, காபி உனக்கு ஆகாது" என்று அவருடைய அண்ணன் டீ வாங்கி வந்தார். உள்ளே மனநல மருத்துவர் தயாளனைப் பார்த்து, "சாகணும்னு எப்பவாவது தோணுதா?" என்று கேட்டார். தயாளன் வாயைத் திறந்தார்.

"சேச்சே, எங்க குடும்பத்துல அதெல்லாம் கிடையாது டாக்டர்" என்றார் அண்ணன்.

"அவர் சொல்லட்டும் சார்."

"அவனுக்குப் பேச வராதுங்க. என்னைக் கேளுங்க."

வெளியே கூட்டம் நெரித்தது. மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அது தீர்வதற்குள் தயாளன் தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

இப்போது நோயாளி நான். துணைக்கு ஆள் வேண்டும் என்றார்கள். அந்த அண்ணன்தான் வந்தார், கேட்காமலே டீ வாங்கித் தந்தார். மருத்துவர் என் முகத்தைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்டார்.

பக்கத்து நாற்காலியில் அவர், "சேச்சே" என்று ஆரம்பித்தார்.