நிம்மதிப் பெருமூச்சு

உடம்பின் செல்களை உரிய காலத்தில் சாகச் சொல்லும் மரபணுக்களைப் பார்த்தே, தைராய்டு புற்றுநோய் வந்தவர்களில் யார் பிழைப்பார், யார் போவார் என்று சொல்லிவிடலாம் என்பது சுகிர்தாவின் ஆய்வு. ஆனால் அதை நிரூபிக்கச் சாவுகள் வேண்டும். அந்த நோயிலோ லேசில் யாரும் சாவதில்லை. “எண்ணிக்கை பத்தலம்மா, இன்னொரு தடவை எல்லாருக்கும் போன் போட்டுப் பாரு” என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். காலையிலிருந்து ஒவ்வொருவராக நன்றாக இருப்பதாகவே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவளுக்குத் தொண்டை வறண்டுவிட்டது. மிச்சமிருந்தது பவுனம்மாள். அவளுடைய மரபணுக் கணக்குப்படி போன வருஷமே போயிருக்க வேண்டியவர். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. சுகிர்தா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“மாடியில துணி காயப்போட்டுட்டு இருந்தேன் கண்ணு” என்றபடி பவுனம்மாளே எடுத்தார். “ஆபரேசன் பண்ண டாக்டரே மறந்துட்டாரு. நீதான் வருஷம் தவறாம விசாரிக்கிற.”

“உடம்பு எப்படிம்மா இருக்கு?”

“நல்லா இருக்கேன்.”

சுகிர்தா தன்னையறியாமல் நீளமாகப் பெருமூச்சு விட்டாள்.

மறுமுனையில் பவுனம்மாளின் குரல் தழுதழுத்தது.

“கேட்டுச்சு கண்ணு. நான் பெத்ததுங்ககூட என்னை நெனச்சு இப்படி நிம்மதியா மூச்சு விட்டதில்ல.”