இந்தியில் அனுப்பிய செய்தி

ஆர்.கே.புரம் குடியிருப்பில், இந்தியைப் பேச மட்டுமே அறிந்த ராஜம் தமிழில் சொல்லச் சொல்ல, மகள் சிந்து கைபேசியில் இந்தியில் எழுதிக்கொண்டிருந்தாள்.

"'இனிமே நாம சந்திக்க வேண்டாம்'னு போடு."

"நேர்ல சொல்றதுதாம்மா மரியாதை."

"நேர்ல பார்த்தா மனசு மாறிடும்டி. பஞ்சாபின்னா நம்ம சொந்தக்காரங்க சிரிப்பாங்க."

"சிரிக்கட்டுமே!"

"உனக்கு நல்லபடியா கல்யாணம் ஆகணுமே. ஜல்தி அனுப்பு."

சிந்து கண்களைத் துடைத்துக்கொண்டு அனுப்பினாள்.

சற்று நேரத்தில் அழைப்புமணி ஒலித்தது. கணவரை இழந்து தனித்திருந்த ராஜத்தின் மனத்தில் இடம்பிடித்த கபூர், நரைத்த தாடியோடு மூச்சிரைக்க வாசலில் நின்றார்.

ராஜம் திகைத்தாள். "என்னடி எழுதினே?"

"'அம்மா உங்களை விட்டுடப் பார்க்கிறாங்க, உடனே வாங்க அங்கிள்'னு எழுதினேம்மா."