புது ஆட்டக்காரர்

சுருட்டைமுடிக்காரர் மறுபடியும் செத்துப்போனார். கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். பக்கத்தில் நின்ற முதலாளி கொட்டாவி விட்டார்.

செத்ததெல்லாம் செல்போனுக்குள்தான். அவள் ஊணுறக்கம் இல்லாமல் உருவாக்கிய சீட்டு விளையாட்டு அது. ஒரு கோபுரம், படிக்கு ஒரு பூதம். கையில் வரும் சீட்டுகளை வீசி பூதத்தை வீழ்த்தினால் புதுச் சீட்டுகள் நீட்டப்படும். பிடித்ததை எடுத்துத் தன் சீட்டுக்கட்டில் சேர்த்துக்கொள்ளலாம். செத்தாலோ, சேர்த்ததெல்லாம் போய்ப் பழையபடி கீழ்ப்படி. அதற்குள் பூதங்களும் இடம் மாறி உட்கார்ந்திருக்கும்.

“செத்துச் செத்துப் பிழைக்க நம்ம பிழைப்பு போதாதா? செல்போன்ல வேற எதுக்கும்மா?” என்பது முதலாளியின் கட்சி. அதனால் ஒரு சோதனை வைத்தார். இந்த மாதிரி விளையாட்டைக் கண்ணால்கூடப் பார்த்திராத ஒருவரை வரவழைப்பது. அவராகவே இன்னொரு ஆட்டம் கேட்டால் விளையாட்டு வெளியே போகும். போனை வைத்துவிட்டு எழுந்தால் பூதங்களெல்லாம் குப்பைக்கு. அவள் பலூன் உடைக்கிற விளையாட்டுக்கு.

வரப்போகிறவரிடம் போனிலேயே கறாராகச் சொல்லியாயிற்று. எதைக் கொடுத்தாலும் நீங்களாகவே கண்டுபிடித்துச் செய்ய வேண்டும், தப்பாகப் போனால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், எங்களிடம் வழி கேட்கக் கூடாது. அப்படியும் சுருட்டைமுடிக்காரர் வந்ததும் வராததுமாக, “அப்ப நான் வந்த வேலை?” என்று இழுத்தார். “இதுதாங்க வேலை” என்று போனைக் கையில் திணித்து, நாற்காலியில் அழுத்தி உட்காரவைத்து, கதவைச் சாத்திவிட்டாள்.

அன்றைக்கென்று பார்த்து ஏ.சி. வேறு மண்டையைப் போட்டிருந்தது. நாற்காலியை விட்டு எழுந்தால் நாற்காலியும் கூடவே எழுந்து வந்தது. முதலாளியின் மீசைச் சாயம் உதட்டைத் தாண்டி மோவாய்க்கு இறங்கியிருந்தது.

அவர்கள் தலைக்கு மேலே, ஏணியில் ஒரு குள்ள மனிதர் ஏ.சி.யின் வயிற்றைத் திறந்து வைத்திருந்தார். ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றி, வைரம் வாங்க வந்தவர் மாதிரி வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாட்டினார், தலையைச் சொறிந்தார், எல்லாவற்றையும் திரும்பக் கழற்றினார்.

“நல்ல மெக்கானிக்கைப் பிடிச்சாங்க. ஸ்க்ரூடிரைவர்கூட இல்லாம கையை வீசிக்கிட்டு வந்திருக்கார். நான்தான் தேடிக் கொடுத்தேன்” என்று முதலாளி முணுமுணுத்தார்.

அவளுக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சுருட்டைமுடிக்காரர் கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தவர் போல, நீட்டிய சீட்டையெல்லாம் வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக் குவித்துக்கொண்டிருந்தார். கட்டு தலையணை கனத்துக்குப் பெருத்துவிட்டது. சிலந்தி ராணி விஷத்தைத் துப்புகிற நேரத்தில் கேடயச் சீட்டு கட்டின் அடியில் எங்கேயோ தூங்கிக்கொண்டிருந்தது. புதிதாக ஆடுகிற எல்லோரும் செய்கிற தப்பு. ‘ஐயா, கொஞ்சமாச் சேருங்க’ என்று கத்த அவள் நாக்கு துடித்தது. கத்தக் கூடாதே. நகத்தைக் கடித்தாள், நகம் தீர்ந்ததும் விரலுக்கு வந்தாள்.

சுருட்டைமுடிக்காரர் இன்னொரு தடவை செத்தார். போனை மேஜையில் வைத்தார்.

“பலூனுக்கு என்ன கலர் போடலாம்?” என்று கேட்டார் முதலாளி.

அவளுக்கு உலகமே காற்றிறங்கிய பலூனாகச் சுருங்கியது. ஆனால் சுருட்டைமுடிக்காரர் எழுந்திருக்கவில்லை. முழங்கைவரை சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, போனை மறுபடி எடுத்தார். இந்தத் தடவை சீட்டு நீட்டினால் விரலை ஆட்டி மறுத்தார். நல்லதாக நாலைந்து, அதற்கு மேல் ஒன்று கிடையாது. மெலிந்த சீட்டுக்கட்டில் கேடயம் கூப்பிட்ட போதெல்லாம் ஓடி வந்தது. சிலந்தி ராணி எட்டுக் காலையும் பரப்பிக்கொண்டு விழுந்தாள். அவர் மேஜையில் போட்ட போட்டில் கண்ணாடிச் சுவரே கிடுகிடுத்தது.

அடுத்த படியில் ஒரு சுண்டெலிப் பூதம் அவரை ஒரே கடியில் முடித்தது. செத்தவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினார்.

“அம்மா, இன்னும் ஒரே ஒரு ஆட்டம். அந்த எலியை மட்டும் ஒரு கை பாத்துட்டு வந்துடுறேன்.”

பதிலுக்குக்கூட நிற்காமல் கதவைச் சாத்திக்கொண்டார். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. முதலாளி கைக்குட்டையால் மீசையைத் துடைத்தார். மீசையில் பாதி கைக்குட்டைக்குப் போனது.

“பலூன் வேணாம்மா. உன் பூதங்களே இருக்கட்டும்” என்றார்.

அவர் சொல்லி வாய் மூடவில்லை, மேலேயிருந்து சில்லென்று காற்று இறங்கியது. மேஜை மேலிருந்த தாள்களெல்லாம் எழுந்து பறந்தன. ஏணியிலிருந்து குள்ள மனிதர் இறங்கி வந்தார். தலையிலிருந்து கால்வரை தூசி, முகத்தில் மட்டும் ராஜ்ஜியத்தைப் பிடித்த களை. ஸ்க்ரூடிரைவரை இரண்டு கையாலும் பணிவாக முதலாளியிடம் நீட்டினார்.

“முதல் லெவலை முடிச்சிட்டேங்க, ரெண்டாவது எங்க?”