உட்காரக் கூடாத நாள்

நாலாவது முறையாக வாசற்கதவைத் திறந்து பார்த்துவிட்டு உள்ளே வந்தார்.

பனிதான் பெய்துகொண்டிருந்தது. தெருவில் ஈ காக்கை இல்லை.

ஸ்லாவா. வீட்டைக் காக்கும் புனித நிக்கோலாவின் நாள். காலையில் ஏற்றிய மெழுகுவர்த்தி எரிகிறவரை வீட்டுத் தலைவர் உட்காரக் கூடாது. நின்றுகொண்டேதான் வந்தவர்களுக்கு ஊற்ற வேண்டும். அவருடைய அப்பா நின்றார். அப்பாவின் அப்பா ஒற்றைக் காலோடு நின்றார்.

விடிந்ததும் மலைமேல் ஸ்டுடெனிட்சா மடத்துக்குப் போய், துறவி கையால் ரொட்டியை அறுத்து வாங்கி வந்தாகிவிட்டது. அந்த வெள்ளைப் பளிங்குச் சுவருக்கு முன்னால் நின்றபோதுகூட மனசு பஸ் நிறுத்தத்தில்தான் இருந்தது.

தம்பி இருக்கும் ராஷ்காவிலிருந்து பத்து மணிக்கு ஒரு பஸ். அதில் அவன் வரவில்லை.

பன்னிரண்டு மணி பஸ்ஸிலும் வரவில்லை.

மேசையைச் சுற்றி அக்கம்பக்கத்தார் ஏழு பேர். கெண்டை மீன், பீன்ஸ், ரொட்டி. அவர் ஒயின் கூஜாவைத் தூக்கிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தார். நிறைந்திருந்த கோப்பையிலேயே ஊற்றினார். விரிப்பெல்லாம் சிவப்பாயிற்று.

இன்னொரு கூஜா ஜன்னலோரம் இருந்தது. காலையில் அவர்தான் துடைத்து வைத்தார்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், அப்பா வைத்த பிளம் மரங்களை ஏன் வெட்டினாய் என்று ரதோயே கேட்டான். கேட்டது தம்பி. நியாயமான கேள்வி. வாய் சும்மா இருந்ததா? இந்த வீட்டு விஷயத்தில் உனக்கென்ன பேச்சு என்று சொல்லிவிட்டார்.

அதோடு சரி. இரண்டு டிசம்பர் போயிற்று.

புது வருடம் பிறந்ததும் அவன் குடும்பத்தோடு ஆஸ்திரியா போகிறானாம். இதைக்கூட பஸ் டிரைவர் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அங்கே போனவர்கள் ஆகஸ்டில் பத்து நாள் வருவார்கள். டிசம்பரில் யார் வருகிறார்கள்?

இன்று வராவிட்டால் அவ்வளவுதான்.

ஒன்றரை மணிக்கு ஸ்டோர் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். போனை எடுத்தார். எழுதினார். அழித்தார். மறுபடி எழுதினார்.

இன்னைக்கு ஸ்லாவா. வா.

அனுப்பியே விட்டார்.

அனுப்பிய பிறகுதான் உறைத்தது. ஸ்லாவாவுக்கு யாரையும் அழைப்பது கிடையாது. பிரியம் இருக்கிறவர்கள் தாங்களாக வருவார்கள். அதிலும் இந்த வீட்டிலேயே பிறந்தவனை?

மீன் தட்டு எடுக்க வந்த மனைவி தெஸாங்கா அவர் கையிலிருந்த போனை எட்டிப் பார்த்தாள்.

"கூடப் பொறந்தவனப் போயி யாராச்சும் கூப்பிடுவாங்களா?"

அவர் போனைப் பையில் போட்டார். கூஜாவோடு மறுபடி சுற்ற ஆரம்பித்தார். முட்டி வலித்தது. ஜன்னல், கதவு, மேசை. கதவு, ஜன்னல்.

மூன்றே கால்.

முன்வாசலில் தட்டினார்கள்.

ரதோயே முன்வாசலில் தட்டியதே கிடையாது. பின்பக்கமாக வந்து, அடுப்பங்கரையில் பூட்ஸை உதறி, யாரையும் கேட்காமல் அந்த இரண்டாவது கூஜாவை எடுத்துக்கொண்டு மேசைக்கு அந்தப் பக்கம் போய் நிற்பான். இந்தப் பக்கம் அண்ணன், அந்தப் பக்கம் தம்பி. அப்பா போன பிறகு அப்படித்தான் நின்றார்கள்.

இன்று வாசலிலேயே தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். தெஸாங்கா சர்க்கரை போட்டு அவித்த கோதுமைத் தட்டை நீட்டினாள். ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டுச் சிலுவை போட்டுக்கொண்டான். எல்லா விருந்தாளியையும் போல.

"கூப்பிட்டே. வந்தேன்."

குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

கதவோரத்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

உட்கார்ந்தே விட்டான்.

அவர் போய் அவனுக்கு ஊற்றினார். நன்றி என்றான் ரதோயே. இந்த வீட்டில் அவன் அவருக்கு நன்றி சொல்லி அவர் கேட்டதில்லை.

பேச்சு தொடர்ந்தது. சாலையில் பனி, மூடிக்கிடக்கும் சுரங்கம், யார் பிள்ளை எந்த ஊரில். ரதோயே தலையாட்டிக்கொண்டிருந்தான். இரண்டு தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்தான். ஐந்து மணிக்குத் திரும்பும் பஸ்.

மெழுகுவர்த்தி இன்னும் ஒரு சாண் இருந்தது.

அவர் கூஜாவைக் கொண்டுபோய் ரதோயேயின் முன்னால் வைத்தார். பக்கத்து நாற்காலியை இழுத்தார்.

உட்கார்ந்தார்.

பேச்சு நின்றுபோயிற்று. தெஸாங்கா தட்டோடு அப்படியே நின்றாள். அப்பா இருந்திருந்தால் செவிட்டில் ஒன்று விட்டிருப்பார்.

வெளியே யாரோ பூட்ஸிலிருந்து பனியைத் தட்டும் சத்தம். இரண்டு பேர், மூன்று பேர். புதிதாக விருந்தாளிகள். மேசையில் நாலு கோப்பை காலி.

இந்த வீட்டு ஆள் யாராவது எழுந்திருக்க வேண்டும்.

அவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு மெழுகுவர்த்தியையே பார்த்தார். தம்பியின் பக்கம் திரும்பத் தைரியமில்லை.

கதவு தட்டப்பட்டது.

தம்பியின் நாற்காலி பின்னால் நகர்ந்தது.