பயந்த நாயாகப் பார்த்து ஒன்று

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையாகப் பிச்சையா வீட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன், உள்ளங்கையில் ஒரு மக்ரூன் மிட்டாயை வைத்துக்கொண்டு.

நாய் கட்டிலுக்கு அடியில் இருந்தது. செம்பட்டை நிறம், இடது காது மட்டும் மடிந்து கிடக்கும். அதற்கு என்னைக் கண்டால் பயம். எனக்கும் அதைக் கண்டால் பயம்.

இருபது வருடமாகத் தோணிக்காரர்களுக்குக் கயிறு விற்கிறேன். புதுத் துறைமுகம் திறந்த பிறகு கப்பல்காரர்களும் கடைக்கு வருகிறார்கள். பேரம் பேசி இந்தச் சங்கரபாண்டியனை ஜெயித்தவன் கிடையாது. நாய் வந்தால் மட்டும் அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போவேன்.

ஆனால் மகளை விளாத்திகுளத்தில் கட்டிக் கொடுத்த பிறகு என் வீட்டுக்காரி செல்லக்கிளிக்கு வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. இரண்டு பேருக்கு மட்டும் அரிசி அளக்கக் கை வரமாட்டேன் என்கிறது, அந்த மூன்றாவது சோற்றைத் தின்ன ஒரு நாயாவது கொண்டு வாருங்கள் என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பிறகு அடுப்பங்கரைக்குள் போய் அழுதாள். எனக்கு அது தாங்கவில்லை.

கடையில் சுமை தூக்குகிற பர்னபாஸ்தான் பிச்சையாவைப் பற்றிச் சொன்னான். நகராட்சியில் வேலை. நாதியற்ற நாய்களை வீட்டில் வைத்துத் தேற்றி, நல்ல இடம் பார்த்துக் கொடுப்பாராம். பயந்த நாயாகப் பார்த்து ஒன்று தரச் சொல் என்று நான்தான் சொல்லி அனுப்பினேன்.

பிச்சையா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். நாய் தானாக வந்து என் மடியில் உட்கார வேண்டும். அதுவரை கொடுக்கமாட்டார். பெண் கேட்டுப் போனவனைக் கூட யாரும் இப்படி அலைக்கழித்ததில்லை.

முதல் ஞாயிறு என்னைத் தூரத்தில் இருந்து மோந்து பார்த்தது. இரண்டாம் ஞாயிறு மக்ரூனை மட்டும் தின்றுவிட்டு உள்ளே போய்விட்டது. இன்றும் வெறுங்கையோடு போனால் செல்லக்கிளி முகத்தில் விழிக்க முடியாது.

எனக்குப் பிடிபடாத ஆள் பிச்சையாதான்.

நாய்க்கு மீன் வாங்கி வருவது அவர். முள் எடுத்துச் சோற்றோடு பிசைவதும் அவர். ஆனால் தட்டை அவர் வைக்கமாட்டார். மனைவி பேச்சித்தாய் கையில் கொடுத்து வைக்கச் சொல்வார். தின்று முடித்த நாய் வாலால் தரையைக் கூட்டிக்கொண்டு அவரிடம் ஊர்ந்து போகும். கை எட்டும் தூரத்துக்கு வந்ததும் தரையை ஓங்கி மிதிப்பார். நாய் கட்டிலுக்கு அடியில் ஓடும். நானும் கொஞ்சம் பின்னால் நகர்ந்து உட்காருவேன்.

இந்த வீட்டுக்கு வந்த முதல் வாரம் அது காய்ச்சலில் கிடந்தபோது, மடியில் போட்டுக் கஞ்சி ஊற்றியது அவர்தான் என்று பேச்சித்தாய் மெதுவாகச் சொன்னாள். எழுந்து நடக்க ஆரம்பித்த நாளில் இருந்துதான் இந்த மிதி.

இப்படி மிதித்தால் எந்த நாய்தான் பயப்படாது? எனக்கு வயிறு எரிந்தது. நாய் மேல் இருந்த பயத்தை அந்த ஆத்திரம் தின்றுவிட்டது. வெள்ளை வேட்டி அழுக்காவதைப் பார்க்காமல் குப்புறப் படுத்துக் கட்டிலுக்கு அடியில் தலையை விட்டேன். வா, இந்த ஆளிடம் இருந்து நாம் இரண்டு பேரும் தப்பித்துவிடலாம் என்று அதன் காதில் சொன்னேன்.

அது என் மூக்குக்கண்ணாடியை நக்கியது.

நான் எழுந்து உட்கார்ந்ததும் பின்னாலேயே வந்து மடியில் ஏறியது. அதுவும் நடுங்கியது, நானும் நடுங்கினேன். பேச்சித்தாய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

கடையில் இருந்து கொண்டு வந்த பருத்திக் கயிற்றைக் கழுத்தில் கட்டினேன். இரண்டு விரல் நுழைகிற மாதிரி கட்டும்படி பிச்சையா தள்ளி நின்றபடியே சொன்னார்.

வாசலைத் தாண்டும்போது நாய் கயிற்றை இழுத்துக்கொண்டு திரும்பியது. நேரே போய் அவர் பாதத்தின் மேல் தாடையை வைத்துப் படுத்துக்கொண்டது.

பிச்சையா அசையாமல் நின்றார். கை கீழே இறங்கி, பாதியில் நின்று, திரும்ப மேலே போனது. பிறகு காலை உருவி, வீடே அதிரும்படி தரையை மிதித்தார்.

நாய் என் வேட்டிக்குள் ஒளிந்துகொண்டது. எனக்கு வந்ததே கோபம்.

"ஏம்வே, இத்தன நாளு சோறு போட்டு வளத்த வாயில்லாச் சீவன். போற நேரத்துலயும் இப்படி வெரட்டுதீரே, நீரெல்லாம் மனுசந்தானா?"

அவருக்குக் கோபம் வரவில்லை. வீடு எங்கே என்று கேட்டார். கீழூர் என்றேன். எந்தத் தெரு என்று கேட்டார். அதையும் சொன்னேன்.

தலையை ஆட்டிக்கொண்டார். நாயைப் பார்க்காமல் என்னை மட்டும் பார்த்தார்.

"வியாழக்கெழம உங்க தெருவுக்கு நாய் பிடிக்கிற வண்டி வரும், அண்ணாச்சி. சுருக்குக் கம்பியோட முன்னால வாரது நாந்தான். கூட வாரவுக முன்னால, தெரிஞ்ச நாயின்னு விட முடியாது. என்னயக் கண்டதும் இது வாலாட்டிக்கிட்டு ஓடி வந்துரக் கூடாதுல்லா."