தந்தியில் இருந்த பெயர்

நாகலெட்சுமி ஏன் வரவில்லை என்பது செல்லசாமிக்கு விளங்கவே இல்லை.

அவள் அப்பா மாயாண்டியின் மரண அறிவித்தலை வானொலியில் வாசித்தவன் அவன்தான். நிறுத்தி, தெளிவாக, இரண்டு முறை வாசித்தான். மறுநாள் தோட்டத்தில் பொழுது சாயும்வரை பிணத்தை வைத்துக்கொண்டு அந்த ஒரே மகளுக்காகக் காத்திருந்தார்கள். பிறகு மழை இறங்கியது. புதைத்துவிட்டார்கள்.

மரண அறிவித்தல் எளிமையான ஏற்பாடு. தேயிலைத் தோட்டத்து ஆபீசிலிருந்து கொழும்பு வானொலி நிலையத்துக்கு ஆங்கிலத்தில் தந்தி வரும். சொல்லுக்குச் சொல் காசு என்பதால் இறந்தவர் பெயர், தோட்டத்தின் பெயர், அடக்கம் செய்யும் நேரம், இவ்வளவுதான் அதில் இருக்கும். அறிவிப்பாளர் தமிழாக்கி மாலைச் செய்திக்குப் பிறகு வாசிப்பார்.

மகளுக்கே நேராகத் தந்தி அடிக்கலாமே என்றால், அது அவள் தோட்டத்து ஆபீசில் படுத்துக் கிடந்து, விடிந்தபின் பெரட்டுக்களத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும்போதுதான் கைக்கு வரும். வானொலி அன்றைக்கே காதில் விழும். கடைசி பஸ்ஸைப் பிடித்துவிடலாம்.

இதில் எந்த இடத்தில் அறுந்தது?

லீவில் ஊருக்கு வந்தவன், பொல்பிட்டியப் பக்கம் அவள் வாழ்க்கைப்பட்ட தோட்டத்துக்கே போனான். வழியெல்லாம் யோசித்தான். கடை ரேடியோவுக்குக் கரண்ட் கொடுக்கும் கார் பேட்டரி இறங்கியிருக்கலாம். மலை மறைப்பில் ஒலி கரகரத்திருக்கலாம்.

இருவரும் ஒரே தொழிலாளர் லயத்தில், பக்கத்துப் பக்கத்துக் காம்பராவில் வளர்ந்தவர்கள். அவனைக் கண்டதும் அவள் அழுதாள். பிறகு தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள்.

"ரேடியோவுல சொன்னாங்களே, கேக்கலியா புள்ள?"

"கேட்டேண்ணே."

அவன் இதை எதிர்பார்க்கவில்லை.

"ஜமால்தீன் நானா கடையில கருவாடு வாங்க நின்னேன். மாயாண்டின்னதும் நெஞ்சு திக்குனுச்சு. அப்பறம் கிளென்வார்ட் தோட்டம்னாரு. அட, நம்ம அட்டைக்காடு இல்லன்னு மூச்சு வந்துச்சு. ஐயோ பாவம், யாரு பெத்த அப்பனோன்னு நானாகிட்ட சொல்லிட்டு வந்து, கருவாட்டுக் கொழம்பு வச்சி நல்லா சாப்புட்டேண்ணே."

துரையின் காகிதத்தில் கிளென்வார்ட். ஆட்கள் வாயில் அட்டைக்காடு. மலையில் பெரும்பாலான தோட்டங்களுக்கு இப்படி இரண்டு பெயர் உண்டு. கொழுந்து கிள்ளுகிறவளுக்கு அந்த முதல் பெயரால் ஒரு வேலையும் இல்லை.

"அந்த ரேடியோக்காரர ஏசி என்னா செய்ய? கொழும்புக்காரரு. தொரை மாதிரி இழுத்து இழுத்துப் பேசுறாரு. அவருக்கு அட்டைக்காடு எங்க தெரியப்போவுது? அன்னைக்கி ஒங்களுக்கு லீவாக்கும். நீங்க இருந்திருந்தா சொல்லியிருப்பீங்க."

செல்லசாமி தலையாட்டினான். கோப்பையைக் கீழே வைக்க இடம் தேடினான்.

தந்தியைப் பிரித்தபோதே அந்தப் பெயர் அவன் வாய்வரை வந்தது. ஆனால் நிலையத்தில் தன்னை நுவரெலியா டவுன்காரன் என்று சொல்லி, பேச்சையும் மாற்றி வைத்திருந்தான். அட்டைக்காடு என்று வாசித்தால், அது எங்கே, உமக்கு எப்படித் தெரியும் என்று பக்கத்து மேசையில் கேட்பார்கள். மாயாண்டி என்ற பெயரே போதும் என்று நினைத்துக்கொண்டான்.

லீவு முடிந்து போன அன்று மேசையில் வேறொரு தோட்டத்துத் தந்தி கிடந்தது. அதற்கு ஆட்கள் வைத்த பெயர் அவனுக்குத் தெரியாது. அந்தத் தோட்டத்து ஆபீசுக்கு டிரங்க் கால் போட்டான். மலைக்குப் போகும் லைனில் குரல் மெலிந்துவிடும். கத்தினால்தான் மறுமுனையில் கேட்கும்.

கத்தினான்.

"கிளாக்கர் ஐயா, ஒங்க தோட்டத்த நம்ம ஆளுங்க என்னான்னு சொல்லுவாங்க? ஆமாங்க, ஆமாங்க, நானும் லயத்துப் புள்ளதான்!"

எல்லா மேசையிலும் தலைகள் திரும்பின.

அன்று மாலை இரண்டு பெயரையும் சேர்த்து வாசித்தான்.